கத்திவிட்டு நானே அழுகிறேன்

கேள்வி: எங்கள் ஊர் தேனிப் பக்கம். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தேன். அவர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். காலை எட்டரைக்குப் போனால் வர ராத்திரி ஒன்பதாகும். நான் லைன் வீட்டில் உட்கார்ந்து, கம்பெனித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிறேன். மகனுக்கு இரண்டரை வயது. சாயங்காலமானால் காரணமே இல்லாமல் புரண்டு அழுகிறான், அடுக்கிவைத்த துணியை இழுத்துப் போடுகிறான். நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறேன், சில நாள் கையும் ஓங்கிவிடுகிறேன். அவன் தூங்கிய பிறகு உட்கார்ந்து அழுகிறேன். போனைக் கொடுத்தால் அடங்குகிறான், அதுவும் உறுத்துகிறது. இதில் மாமியார் வேறு, ‘அடுத்ததையும் பெத்துட்டா ரெண்டும் சேர்ந்து விளையாடும்’ என்கிறார். பொறுமையாக இருக்க ஒரு வழி சொல்லுங்கள் அக்கா.
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கண்ணு, உன் கடிதத்தில் எனக்குப் பொறுமைக் குறைச்சல் தெரியவில்லை. பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ள ஆள் இல்லாததுதான் தெரிகிறது. உன் ஊரில் இருந்திருந்தால் சித்தி, அத்தை, எதிர்வீட்டுப் பாட்டி என்று ஆளாளுக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். பத்துக்குப் பத்து அறையில் நீயும் அவனும் துணி மூட்டையும் மட்டும் என்றால் யாருக்குத்தான் தலை கொதிக்காது?

நான் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் முதலில் அதைத்தான் சொல்வேன். இரண்டு வயது முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள், பணம் கிடையாது, மதியம் சாப்பாடும் உண்டு. ரேஷன் கார்டு தேனி முகவரியில் இருக்கிறதே என்று தயங்காதே, நேரில் போய்க் கேள். முதல் வாரம் வாசலில் நின்று அழுவான். என் வாசலில் அழாமல் சேர்ந்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு. விட்டதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. சன்னல் வழியாக அம்மாக்கள் எட்டிப் பார்ப்பதால்தான் பாதி அழுகை நீளும். கிடைத்த நேரத்தில் கூட ரெண்டு மூட்டை வெட்டலாம் என்று தோன்றும். வேண்டாம், கொஞ்ச நாளைக்குப் படுத்துத் தூங்கு.

சாயங்கால அழுகைக்குக் காரணம் இருக்கிறது. மதியம் தூங்கினானா, நாலு மணிக்கு வயிற்றுக்கு ஏதாவது போனதா என்று பார். இந்த வயதில் ஆசை நிறைய, அதைச் சொல்ல வார்த்தை கொஞ்சம். அப்புறம் இன்னொன்றையும் கவனி. மூட்டையை எடுக்க ஆள் வரும் நேரத்தில், நீ அவசர அவசரமாக வெட்டும்போதுதான் அவன் துணியை இழுக்கிறானா? அப்படியென்றால் மறுநாள் காலையில் வந்து எடுக்கச் சொல்லிப் பார். கை ஓங்கும் நிமிஷம் வந்தால் கத்தரியை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, அவனைப் பாயில் உட்காரவைத்து, நீ வாசற்படிக்கு வா. உன் கண்ணெதிரே இரண்டு நிமிஷம் அழுதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது.

உன் வீட்டுக்காரருக்கு வருகிறேன். ‘நீங்களும் கொஞ்சம் பாத்துக்கங்க’ என்றால் தலையாட்டிவிட்டுப் போனை எடுப்பார். மணி போட்டுச் சொல்லு: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து பத்து வரை பிள்ளை உங்கள் பொறுப்பு, குளிப்பாட்டி இட்லி ஊட்டுவது உட்பட. அந்த மூன்று மணி நேரம் நீ வீட்டில் இருக்காதே. இருந்தால் ‘துண்டு எங்க, டவுசர் எங்க’ என்று கேட்டே உன்னை வேலை வாங்கிவிடுவார்.

போனைப் பற்றி ரொம்ப உறுத்திக்கொள்ளாதே. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நீ சமைக்கும் அரை மணி நேரம் அதற்குள்தான் வருகிறது. சாப்பிடும்போதும் தூங்கப் போகும்போதும் மட்டும் கையில் கொடுக்காதே.

அந்த ராத்திரி அழுகைதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. பிள்ளை தூங்கியும் உனக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரம் போல் நீடித்தால் 14416க்குப் போன் பண்ணு. அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022இல் தொடங்கியது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதியதையே படித்துக் காட்டு. உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் பார்க்காதே, அப்போதே கூப்பிடு, பக்கத்து வீட்டு ஆளையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரை நேரிலும் பார்க்கலாம்.

அடுத்த குழந்தை எப்போது என்பது நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்வது. இடைவெளி வேண்டுமென்றால் கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர்-டி சாதனமோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியோ அரசு மருத்துவமனையில் இலவசம். மாமியாருக்குப் பதில் சொல்லும் வேலையை அவர் மகனிடம் விட்டுவிடு.