நவம்பரில் நம்பர் ஒன் அணி தோற்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சீசனின் முதல் வார முடிவுகளையும் தரவரிசையையும் எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சமாக நம்பலாம்.

2019 நவம்பர் 12 அன்று முதலிடத்தில் இருந்த கென்டக்கியை, அதன் சொந்த மைதானமான ரப் அரீனாவிலேயே, எவன்ஸ்வில் 67-64 என்று சாய்த்தது. சரி, அப்புறம்? அதே எவன்ஸ்வில் தன் லீக்கில் ஆடிய 18 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. கென்டக்கியோ தன் லீக்கில் முதலிடம் பிடித்தது.

ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசை என்பது பத்திரிகையாளர்கள் போடும் ஓட்டு. முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்ததற்கு 24, இப்படியே இறங்கும். சீசனுக்கு முன்பு அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் போன வருஷத்து நினைவும் புதுப் பையன்களின் பெயரும்தான். 2022-23ல் முதலிடத்தில் தொடங்கிய நார்த் கரோலைனா, சாம்பியனை முடிவுசெய்யும் மார்ச் மாத தேசியப் போட்டிக்கே தேர்வாகவில்லை. தொடக்கப் பட்டியலில் முதல் 25-க்குள் வராத யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அந்தக் கோப்பையைத் தூக்கியது!

அதற்காக நவம்பர் வெற்றி வீண் என்று சொல்ல மாட்டேன். மார்ச்சில் 68 அணிகளை முடிவுசெய்யும் குழு ஏபி பட்டியலை வைத்துப் பொறுக்குவதில்லை. ஆட்ட முடிவுகளை வைத்து அணிகளை வரிசைப்படுத்தும் 'நெட்' என்ற கணக்கைப் புரட்டுகிறது. அதில் தேதிக்குத் தனி மதிப்பு கிடையாது. எங்கே ஆடினீர்கள் என்பதற்கு உண்டு: சொந்த ஊரில் நெட் வரிசையில் முதல் 30-க்குள் உள்ள அணியை வென்றால் முதல்தர வெற்றி, எதிரணியின் ஊரில் என்றால் முதல் 75 வரை போதும். எதிரணி நவம்பரில் எந்த இடத்தில் இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, மார்ச்சில் எங்கே நிற்கிறது என்பதே கணக்கு.