ஆயில் மாத்தாத கார், வாங்கலாமா?

கேள்வி: 2015 மாடல் டீசல் கார், 90,000 கிமீ ஓடினது, விலை கம்மியா வருது சார். ஆனா ரெண்டு வருஷமா இன்ஜின் ஆயிலே மாத்தலைன்னு ஓனரே சொல்றார். வாங்கலாமா?

பதில்: உண்மையச் சொன்னாரே, அதுக்கே அவருக்கு ஒரு கும்பிடு! டீசல்ல ஆயில் கறுப்பா இருக்கறதப் பாத்து பயப்படாதீங்க, மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும், ஆனா ஆயில் ஊத்துற மூடியத் திறந்து உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, அல்வா மாதிரி கெட்டியா அப்பியிருந்தா அது ஸ்லட்ஜ், அதாவது கெட்டுப்போன ஆயில் கசடு, ஆயில் போற வழிய அடைச்சு, இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்புற டர்போவக் காவு வாங்கிடும். காலைல இன்ஜின் ஆறிக் கெடக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தா சந்தேகப்படுங்க. கடகடன்னு இன்ஜினுக்குள்ள இருக்கற டைமிங் செயின் சத்தமோ நீலப்புகையோ வந்தா வண்டியத் தொடாதீங்க. எதுவும் இல்லையா, ஆயிலும் ஃபில்டரும் உடனே ஒரு தடவ, 1,000 கிமீல இன்னொரு தடவ மாத்துற செலவ விலைல கழிச்சுக் கேளுங்க.