வீட்டை விற்றுவிட்டு மகனோடு லண்டனில் இருக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர் ஸ்ரீரங்கம். எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. பென்ஷன் 41,000 ரூபாய். சொந்த வீடு, விற்றால் 75 லட்சம் வரும். மாடி போர்ஷனை மகன் வந்தால் தங்குவதற்காகப் பூட்டி வைத்திருக்கிறோம். அவன் ஒன்பது வருடமாக லண்டனில் இருக்கிறான், மகள் ஜெர்மனியில். மகனுக்காக மூன்று முறை நகையை அடகு வைத்ததில் 9 லட்சம் கடன் நிற்கிறது. ஒவ்வொரு தையிலும் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். இப்போது அவன் அங்கே வீடு வாங்க முன்பணம் கேட்கிறான். "நம் வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள், வயதானவர்களை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்" என்கிறான். மகளோ ஜெர்மனிதான் இதில் சிறந்தது என்கிறாள். எங்கே போவது? நடுவில் கோவையில் சீனியர் வில்லா வாங்கச் சொல்லி ஒரு ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார்.

பதில்: எந்த நாடு என்பது பிறகு. வட்டி கட்டி மாற்றி வைப்பதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் உதைக்கிறது. 9 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 81,000. இரண்டு மாதப் பென்ஷன் போகிறது, அசலில் ஒரு பைசா குறையவில்லை. மகன் கேட்பான், அம்மாவின் வளையல் வங்கிக்குப் போகும். வளையல் தீர்ந்து இப்போது விஷயம் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

சரி, அவன் சொல்லும் இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே மருத்துவம் இலவசம். ஆனால் முதியவரைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் சோறு ஊட்டுவதும் மருத்துவத்தில் சேராது. அது உள்ளாட்சியின் வேலை, அதற்குச் சொத்துக் கணக்குக் கேட்பார்கள். 23,250 பவுண்டுக்கு மேல் வைத்திருந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில். (பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பணிவிடையை 2002-லிருந்து இலவசமாகத் தருகிறார்கள். ஒரே பாஸ்போர்ட், இரண்டு நியாயம்.) முதியோர் இல்லம் என்றால் வாரம் 1,000 பவுண்டு அங்கே சர்வசாதாரணம். வருடத்துக்கு 52,000. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் உங்கள் வீடு 65,000 பவுண்டு. நாற்பது வருடச் சம்பாத்தியம், ஒரே ஒருவருக்கு ஒன்றேகால் வருடம் தாங்கும்.

அதுவும் விசா கிடைத்தால்தான். பெற்றோரை அழைத்துக்கொள்ளும் விதியை 2012-ல் இறுக்கிவிட்டார்கள். அன்றாட வேலைகளுக்கே ஆள் துணை வேண்டும், அந்தத் துணை சொந்த ஊரில் கிடைக்கவில்லை அல்லது மகன் பணம் அனுப்பினாலும் கட்டுப்படியாகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நீங்களோ தினமும் காலையில் நடந்துபோய் பால் வாங்கி வருகிறவர். திருச்சியில் ஆளும் கிடைக்கும். அப்படியே விசா கிடைத்தாலும், ஐந்து வருடம் அரசின் உதவித்தொகைப் பக்கம் போகாமல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மகன் எழுதிக் கொடுக்க வேண்டும். 'அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்' என்றவர் இந்தப் படிவத்தைப் படித்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

மகள் சொல்வதில் பாதி உண்மை. ஜெர்மனியில் 1995-லிருந்து முதுமைப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு இருக்கிறது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஆனால் இது நம் சீட்டு மாதிரி, தவணை கட்டாதவருக்குச் சீட்டு விழாது: கடைசிப் பத்து வருடத்தில் இரண்டு வருடமாவது அந்தக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். அப்போதும் செலவில் ஒரு பங்குதான் கொடுப்பார்கள். ஜப்பானில் 2000-ல் தொடங்கிய திட்டத்துக்கு 40 வயதிலிருந்தே பிரீமியம் வாங்குகிறார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு சேவைக்கும் பத்து சதவீதமாவது கையிலிருந்து கட்ட வேண்டும். சுவீடனில் உள்ளாட்சியே வரிப்பணத்தில் ஆள் அனுப்பும். உங்களுக்கு அங்கே யாரும் இல்லை, விடுங்கள்.

நீங்கள் தவணை கட்டிய சீட்டு இங்கேதான் இருக்கிறது. அந்த பென்ஷனும் வீடும் உங்களுக்கு.

மகனிடம் மாதம் 300 பவுண்டு கேளுங்கள். சுமார் 34,500 ரூபாய். நேராக நகைக் கடனுக்குக் கட்டினால் வட்டியோடு சேர்த்து இரண்டரை வருடத்தில் தீர்ந்துவிடும். லண்டனில் வீடு வாங்கத் தவணை கட்ட முடிகிறவரால் இதுவும் முடியும். முடியாது என்றால் வீடு வாங்கவும் அவருக்கு வசதி இல்லை.

அப்புறம் அந்த மாடி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் தங்க வருகிறவருக்காகப் பூட்டி வைக்காதீர்கள். 12,000 வாடகை வந்தால், இதுவரை மாதம் 6,750 போய்க்கொண்டிருந்த வட்டியும் மிச்சமாகி, ஏறக்குறைய 19,000. உங்கள் 75 வயது வரை ஆர்.டி.யில் போட்டால் அசலே 20 லட்சத்தைத் தாண்டும். வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஆளுக்கு இன்று மாதம் 25,000 என்றால், ஆறு சதவீத விலையேற்றத்தில் பன்னிரண்டு வருடத்தில் 50,000 ஆகும். அந்தப் பணம் அதற்கு.

வில்லா ஏஜென்டிடம் ஒன்று கேளுங்கள்: படுத்த படுக்கையானால் யார் பார்ப்பது, அதற்கு எவ்வளவு? பல ஒப்பந்தங்களில் ஆளை நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். நடக்க முடிகிற வரைக்கும் ஸ்ரீரங்கத்தை விடக் கோவை எதில் உசத்தி?

விற்க வேண்டாம், பெயருக்கு மாற்றி எழுதுங்கள் என்று அடுத்து வரலாம். தான செட்டில்மென்ட் எழுதியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால், அவர் பார்க்காதபோது 2007-ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவைச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் போய் வீட்டைத் திரும்பக் கேட்க முடியும். விற்று லண்டனுக்கு அனுப்பிய பணத்தை எந்தக் கோட்டாட்சியரும் மீட்டுத் தர மாட்டார்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த முறை ரசீதை வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பிவிட்டு, வட்டியையும் அவரையே கட்டச் சொல்லுங்கள்.