சின்ன லேப்டாப்பை நம்பி ஜெர்மனிக்கு வரலாமா?

"அண்ணா, காட்பாடியில் ஒரு கடையில் 11 அங்குல லேப்டாப் 20 ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. எடையும் ஒரு கிலோதான். ஜெர்மனிக்கு அது போதுமா?" என்று கேட்டிருக்கிறாய். குடியாத்தத்திலிருந்து மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிக்க வருகிறாய். அதனால் நேராகவே சொல்கிறேன் தம்பி, அதை மட்டும் நம்பி வராதே.

நானும் இதே கணக்குப் போட்டவன்தான். 2009-ல் நான் கிளம்பியபோது நெட்புக் மோகம். 10 அங்குலத் திரை, ஆட்டம் பிராசசர், ஒரு ஜிபி ராம். அப்பா லாங் பஜாரில் தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கித்தான் அதையும் எடுத்துக் கொடுத்தார். இங்கே வந்து டிசைன் சாஃப்ட்வேரைப் போட்டதும் வினை ஆரம்பித்தது. திரையின் உயரம் 600 பிக்சல்தான். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அடியில் உள்ள 'ஓகே' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். டேப் விசையை எண்ணி எண்ணித் தட்டி, குருட்டாம்போக்கில் என்டர் அடிப்பேன். ஒரு டிராயிங்கைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்ச் சோறு வடித்து ரசம் வைத்துத் திரும்பினால், மணல் கடிகாரம் அப்படியே நிற்கும்.

இப்போது வருபவை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அந்த விலைக்குப் பெரும்பாலும் 4 ஜிபி ராமும், ஃபைல்களைச் சேமிக்க 64 ஜிபி இஎம்எம்சி சிப்பும்தான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சமே அவ்வளவு. விண்டோஸ் உட்கார்ந்த பிறகு உன் டிசைன் சாஃப்ட்வேரான சாலிட்வொர்க்ஸ் எங்கே உட்காரும்? இஎம்எம்சி சிப் போர்டிலேயே பற்றவைத்து வருவது, பிறகு கழற்றிப் பெரிதாக்க முடியாது. விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் பக்கம் போகவே வேண்டாம், சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு என்றே வருவது.

எடைக்கும் பயப்படாதே. 14 அங்குல லேப்டாப் ஒன்றரை கிலோ சுற்றித்தான் இருக்கும். அந்த அரைக் கிலோவை அம்மா கட்டித் தரும் பருப்புப்பொடியில் குறைத்துக்கொள்ளலாம். (குறைக்க மாட்டாய், தெரியும்.)

அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, கம்பெனிகள் ஓட்டிக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட் மாதிரி செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றை வாங்கு. 16 ஜிபி ராம், சேமிக்க வேகமான எஸ்எஸ்டி. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, பழைய சிப்களை விண்டோஸ் 11 ஏற்காது.

இங்கேயும் செகண்ட் ஹேண்ட் கிடைக்கும், ஆனால் ஊரிலேயே வாங்கிவிடு. ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். பாஸ்வேர்டில் ஒய் வைத்திருந்த நான் முதல் நாளே யூனிவர்சிட்டி லேபில் மூன்று முறை தப்பாக அடித்து வெளியே நின்றேன். மின்சாரம் 230 வோல்ட்தான், சார்ஜருக்கு ஒரு பிளக் அடாப்டர் போதும்.

குடியாத்தத்தில் காலை ரயில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கினால், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். வாங்குமுன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கடையிலேயே ஒரு மணி நேரம் பேட்டரியில் ஓட்டிப் பார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.