போட்டது 65,000 டாலர், கேட்பது 48,000: 1968 ஜிடிஓவை விற்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மிச்சிகன் மாநிலம் நோவையில் இருக்கிறேன். கார் துறையில் இன்ஜினியர். 2012-ல் ஓடாமல் கிடந்த 1968 பான்டியாக் ஜிடிஓ ஒன்றை 14,000 டாலருக்கு வாங்கினேன். டிரங்கின் தரை முழுக்கத் துரு. பத்து வருஷத்துக்கு மேல் சனி, ஞாயிறுகளில் வேலை செய்து புதுப்பித்தேன். பாகங்கள், பெயின்ட், வெளி ஆட்களின் கூலி என்று 51,000 டாலர் ஆனது, ரசீதுகள் இருக்கின்றன. பெரும்பகுதி ஹோம் ஈக்விட்டி கடனாக வீட்டின் மேல் எடுத்தது. இன்னும் 38,000 பாக்கி, வட்டி 8.5%. மகள் பதினொன்றாம் வகுப்பு. வண்டியை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்கிறார் மனைவி. 75,000-க்குக் குறையாமல் வர வேண்டும் என்பது என் எண்ணம். கார் ஷோவில் பழக்கமான ஒருவர் 48,000 தருகிறேன் என்கிறார். அடுத்தவர் வண்டியைத் தன் கடையில் நிறுத்தி விற்றுக் கொடுக்கும் ஒரு கன்சைன்மென்ட் டீலர் 69,000-க்கு விலை போட்டு நிறுத்தலாம், கமிஷன் 10% என்கிறார். இன்ஜின் அதே காலத்து 400 கன அங்குல இன்ஜின்தான், ஆனால் இந்த வண்டியோடு வந்தது அல்ல. இன்னும் சில வருஷம் வைத்திருந்தால் விலை ஏறுமா? நட்டத்தை வரியில் கழிக்க முடியுமா?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. விற்றுக் கடனை அடையுங்கள். யாரிடம், என்ன விலைக்கு, எந்த வரிசையில் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

முதலில் அந்த 75,000. வாங்கிய விலை, செலவு, அப்புறம் உங்கள் உழைப்புக்கு ஒரு 10,000 என்று கூட்டித்தான் இந்த எண் வந்திருக்க வேண்டும். வாங்குகிறவர் இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார். இதே நிலையில் இருக்கும் வேறொரு 68 ஜிடிஓ என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று மட்டும் பார்ப்பார். அடியிலிருந்து புதுப்பித்த மஸில் கார்களில், அதாவது பெரிய இன்ஜின் வைத்த இந்த மாதிரிப் பழைய அமெரிக்கக் கார்களில், பெரும்பாலானவை போட்ட பணத்தைத் திருப்பித் தருவதில்லை. பழைய கார் வட்டாரத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பத்து வருஷம் நீங்கள் அனுபவித்த சந்தோஷத்துக்குப் போன பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்கும் முடிவில் அந்த 65,000-க்கு இனி இடம் இல்லை.

இனிமேல் ஆகும் செலவுக்குத்தான் இடம் உண்டு. 38,000-க்கு 8.5% என்றால் வருஷத்துக்கு 3,230 டாலர் வட்டி. கார் புதுப்பிக்க எடுத்த கடன் என்பதால் அந்த வட்டியை வரியில் கழிக்கவும் முடியாது. அந்தச் சலுகை, வீட்டை வாங்கவோ கட்டவோ மேம்படுத்தவோ செலவழித்த பணத்துக்கு மட்டும்தான். குளிர்காலத்தில் ஆறு மாதம் உள்ளே நிறுத்த மாதம் 130 என்றால் 780. இன்சூரன்ஸ் 600, ஆயில், பேட்டரி, சில்லறை வேலைகளுக்கு ஒரு 500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,110 டாலர். வண்டியின் மதிப்பு 50,000 என்றால், அது வருஷத்துக்கு 10%-க்கு மேல் ஏறினால்தான் நீங்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே இருப்பீர்கள்.

அப்படி ஏறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2021, 2022-ல் பழைய கார்களின் விலை வேகமாக ஏறியது, பிறகு தணிந்துவிட்டது. அதைவிட முக்கியம், வாங்குகிறவர்களின் வயது. 1968-ல் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கிய பையன்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் இப்போது வாங்குவதைவிட விற்பதுதான் அதிகம். அடுத்த தலைமுறையின் ஆசை 80, 90களின் கார்கள் மேல், அதிலும் ஜப்பான் கார்கள் மேல் போகிறது. மிக அபூர்வமான வண்டிகள் தப்பிக்கும். 1968-ல் மட்டும் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜிடிஓக்கள் விற்றன. அழகானதுதான், அபூர்வமானது இல்லை.

ஒன்றை மட்டும் மனதாரச் சொல்கிறேன். முதலீடு என்ற பேச்சையே விட்டுவிட்டு, “மாதம் 425 டாலர் செலவானாலும் இந்த வண்டி என்னிடம் இருக்கட்டும்” என்று நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்தால், அதில் தவறே இல்லை. அந்தப் பணம் மகளின் படிப்பிலிருந்து போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதம் விலை ஏறுமா என்றுதான் கேட்கிறது, இனியும் அதை ஓட்ட வேண்டும் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

சரி, விலைக்கு வருவோம். உங்கள் வண்டியின் விலையை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காகிதமும் இன்ஜினும்.

காகிதத்தில் உங்கள் கை பலமானது. வின் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலை தரும் அடையாள எண், அதன் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள், 242 என்று இருக்கும். 1964, 65 வண்டிகளில் ஜிடிஓ என்பது பான்டியாக்கின் லெமான்ஸ் என்ற காரின் மேல் வாங்கும் ஆப்ஷன், எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 1966-லிருந்து 1971 வரை ஜிடிஓவுக்கென்று தனி எண் வரிசை உண்டு. லெமான்ஸில் பேட்ஜை ஒட்டி ஜிடிஓ என்று விற்கும் போலிகள் ஏராளம். அந்தச் சந்தேகம் உங்கள் வண்டி மேல் விழாது. அத்தோடு பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸிடம் வின் எண்ணைக் கொடுத்து, வண்டியின் தொழிற்சாலை பில் நகலை வாங்கிவிடுங்கள். எந்த நிறம், எந்த கியர்பாக்ஸ், என்னென்ன ஆப்ஷனோடு வெளியே வந்தது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அமெரிக்காவில் விற்ற செவர்லே வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு வசதியே கிடையாது. செலவு சொற்பம், விற்பனையில் அதற்குக் கிடைக்கும் மரியாதை பெரிது.

இன்ஜினில்தான் அடி. 1968 வண்டிகளில் இன்ஜின் பிளாக்கின் முன்பக்கம் வின் எண்ணின் ஒரு பகுதி குத்தப்பட்டிருக்கும். விவரம் தெரிந்தவர் டார்ச் லைட்டோடு முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான். அது வண்டியின் எண்ணோடு ஒத்துப்போனால் ‘நம்பர்ஸ் மேட்சிங்’. உங்களுடையது ஒத்துப்போகாது, விலை அதற்கேற்ப இறங்கும். இதை விளம்பரத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எண்ணை இழைத்துவிட்டு மறுபடி குத்தித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். கிட்டேயே சேர்க்காதீர்கள். அது மோசடி, விற்ற பிறகும் வழக்கு உங்கள் வீடு தேடி வரும்.

ரசீதுகளை வருஷ வாரியாக ஒரு ஃபைலில் அடுக்குங்கள். டிரங்கில் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்தபோது, புதுத் தகடு வெல்டிங் செய்தபோது எடுத்த போட்டோக்கள் இருந்தால் அவை தங்கம். குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்புப் போடும் மாநிலத்து வண்டி என்றாலே, வாங்குகிறவர் பெயின்டுக்கு அடியில் புட்டி இருக்கிறதா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பார். அவர் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.

அடுத்தது நிலை. பழைய கார்களுக்கான ஹேகர்ட்டி விலைப் பட்டியல் கார்களை 1-லிருந்து 4 வரை பிரிக்கிறது, 1தான் மிகச் சிறந்த நிலை. சொந்தக்காரர்கள் தங்கள் வண்டியை 2 என்பார்கள். வாங்குகிறவர் வந்து பார்த்தால் பெரும்பாலும் 3. கடந்த ஒரு வருஷத்தில் இன்ஜின் மாறிய 68 ஜிடிஓக்கள் எந்த விலைக்கு விற்று முடிந்தன என்று ஏலத் தளங்களில் தேடிப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிடுங்கள், கைமாறிய விலை மட்டும்தான் கணக்கு.

டீலர் சொல்லும் 69,000 கேட்கும் விலைதான். ஆறு மாதம் நின்று கடைசியில் 54,000-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 5,400 போக 48,600. அந்த ஆறு மாதத்து வட்டியும் செலவும் சுமார் 2,500. கையில் நிற்பது 46,000 சொச்சம். இன்றைக்கு உங்கள் முன் இருக்கும் 48,000-ஐவிடக் குறைவு. அதனால் முதலில் கார் ஷோ நண்பரிடமே பேசுங்கள். வண்டியை நேரில் பார்த்தவர். இன்ஜின் விஷயத்தைச் சொல்லியிருக்கிறீர்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 52,000-ல் பேச்சைத் தொடங்கி, 50,000 வந்தால் முடித்துவிடுங்கள். கமிஷன் இல்லை, டிரக்கில் அனுப்பும் வேலையும் இல்லை.

அவர் ஏறி வராவிட்டால் பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலம். அங்கே விற்பவருக்கு ஆவது சிறிய பதிவுக் கட்டணம்தான். ஏலக் கமிஷனைக் காரை வாங்குகிறவர் தனியாகக் கட்டுவார். ஏப்ரல், மே மாதங்களில், பனி போய் மழை சாலை உப்பைக் கழுவிய பிறகு போட்டோ எடுத்து ஏற்றுங்கள். ரிசர்வ் விலையை, அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்னும் விலையை, 48,000-க்கு மேல் வைக்காதீர்கள். ரிசர்வைத் தொடாமல் முடிந்த ஏலம் எல்லோர் கண்ணிலும் படும்படி அங்கேயே கிடக்கும், அடுத்து வருகிறவர் அந்த எண்ணிலிருந்துதான் பேரம் தொடங்குவார். இண்டியானாபொலிஸில் மே மாதம் நடக்கும் மீகம் ஏலம் உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் நுழைவுக் கட்டணம், விற்பனைக் கமிஷன், ஹோட்டல் எல்லாம் சேர்த்தால் இந்த விலை வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

வரி: சொந்த உபயோகப் பொருளை விற்று வரும் நட்டத்தைக் கழிக்க முடியாது. 65,000 போட்டு 50,000-க்கு விற்றால் வரியும் இல்லை, சலுகையும் இல்லை. ‘வியாபாரம் என்று காட்டினால் கழிக்கலாமே’ என்று நண்பர்கள் சொல்லக்கூடும். வருஷா வருஷம் லாப நோக்கத்தோடு நடத்தியதற்குக் கணக்கு இல்லாமல், விற்கும் வருஷத்தில் மட்டும் அப்படிக் காட்டுவதை வரித்துறையான ஐஆர்எஸ் ஏற்காது. மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: லாபத்தில் விற்றால் வரி உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பழைய காரைச் சேகரிப்புப் பொருளாக எடுத்துக்கொண்டால் உச்சம் 28%. நீங்கள் வருமான வரியில் 22% வரம்பில் இருந்தால் 22%தான். பாகங்களும் கொடுத்த கூலியும் வாங்கிய விலையோடு சேரும். சொந்த உழைப்புக்கு ஒரு டாலர்கூடச் சேராது.

மகளின் கல்லூரிக்காக ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கல்லூரி உதவித்தொகைக்கு அரசிடம் போடும் ஃபாஃப்சா படிவத்தில் சொந்தக் காரையும் குடியிருக்கும் வீட்டையும் சொத்தாகக் கேட்பதில்லை. ஆனால் படிவம் நிரப்பும் நாளில் வங்கியில் இருக்கும் பணத்தைக் கேட்பார்கள். விற்ற பணம் 50,000-ஐ அப்படியே வைத்துக்கொண்டு படிவம் போட்டால் உதவித்தொகையில் அடி விழலாம். அதனால் பணம் வந்த வாரமே 38,000 கடனை அடைத்துவிடுங்கள். மிச்சம் 12,000-ஐ நல்ல வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். இரண்டு வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போட வேண்டாம். சில தனியார் கல்லூரிகள் கேட்கும் வேறு படிவத்தில் வீட்டின் மதிப்பும் வரும், அதைத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாகப் பணம் வாங்கும் முறை. வங்கியே எழுதித் தரும் கேஷியர்ஸ் செக்கை நம்பி வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். போலி செக்குக்கும் வங்கி முதலில் பணத்தைக் கணக்கில் காட்டிவிடும். சில வாரம் கழித்துத் திரும்பி வரும்போது நட்டம் உங்களுடையது. வயர் டிரான்ஸ்ஃபர் கேளுங்கள். இல்லையென்றால் வாங்குகிறவரின் வங்கிக் கிளையிலேயே சந்தித்து, உங்கள் கண்முன்னே செக் எழுதச் சொல்லுங்கள். பணம் வந்ததை உங்கள் வங்கி உறுதி செய்த பிறகு, அவரோடு மிச்சிகனில் வண்டிப் பதிவைப் பார்க்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்குப் போய் டைட்டிலை (வண்டியின் உரிமைப் பத்திரம்) மாற்றிக் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மிச்சிகனில் நம்பர் பிளேட் உங்களுக்கு உரியது, கழற்றிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை டைட்டில் மாறிய மறுநாள் நிறுத்துங்கள், அதற்கு முன் வேண்டாம்.