வாசகர் கேள்வி: புது வண்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: ஆவணி முதல் முகூர்த்தத்தில் கடன் போட்டுக் கார் எடுத்தோம். முழங்கால் வலியுள்ள என் மாமியாரால் அதில் ஏறி இறங்கவே முடியவில்லை. வண்டி இன்னும் 300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பிடிக்காத பட்டுப்புடவையைக் கூடக் கடையில் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருகிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் வழியில்லையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை என்பதுதான் நேர்மையான பதில். பழுதில்லாத புது வண்டியை, மனம் மாறியதாலோ வசதிப்படாததாலோ இத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. புடவைக்கடைக்காரர் மாற்றித் தருவது அவருடைய வியாபார வழக்கம். கார் விற்பனையாளர்களிடம் அந்த வழக்கம் இல்லாததற்கு, பதிவு எண் விழுந்த அந்த நொடியிலேயே வண்டி வேறொரு பொருளாக மாறிவிடுவது காரணம். ஆயுட்கால வரி கட்டப்பட்டு, காருக்கான மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு எடுக்கப்பட்டு, ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயரும் வங்கியின் பெயரும் ஏறிய பிறகு, அதை அடுத்தவருக்கு விற்றால் அவர் இரண்டாவது உரிமையாளர்தான். அந்த விலை இறக்கத்தை ஏற்க யாரும் முன்வருவதில்லை.

வாங்கிய இடத்திலேயே உயரமான வேறு மாடலுக்கு எக்ஸ்சேஞ்ச் கேட்டுப் பாருங்கள், வெளியிலும் இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். எந்த நிலையிலும் மாதத் தவணையை நிறுத்தி வைக்காதீர்கள். காரைப் பற்றிய மனக்குறை கடன் ஒப்பந்தத்தைத் தொடாது. இனி வண்டி பார்க்கப் போகும் குடும்பங்கள், டெஸ்ட் டிரைவுக்கு வீட்டின் மூத்தவரையும் கட்டாயம் அழைத்துப் போய், இரண்டு மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: குறுவைக்கு முன்பாகப் புது டிராக்டர் எடுத்தேன். 60 மணி நேரம் ஓடுவதற்குள், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தினால் ஹைட்ராலிக் லிஃப்ட் தானாகவே இறங்கத் தொடங்கிவிட்டது. மூன்று முறை சர்வீஸ் செய்தும் அதே குறை. 'பார்ட்ஸ்தான் மாற்றித் தருவோம், வண்டியை மாற்ற முடியாது. சேற்றில் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) போட்டு ஓட்டினால் இப்படித்தான் ஆகும்' என்கிறார்கள். அக்கம்பக்கத்து வயல்களுக்கும் வாடகைக்கு உழுகிறேன் என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகர், மன்னார்குடி அருகே

பதில்: உங்கள் நண்பர் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுவோம். வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்வது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அது வணிக நோக்கத்தில் சேர்க்கவில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது, ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரையே உதாரணமாகக் காட்டியது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் மட்டும் அவர் நுகர்வோர் என்ற தகுதியை இழக்கமாட்டார் என்றும் கூறியது. சொந்த வயலை உழுதுவிட்டு நான்கு பேர் வயலுக்கும் போகும் உங்களுக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்தும். பத்து டிராக்டர் வைத்து ஆள் போட்டு ஓட்டுபவரின் நிலை வேறு.

'பார்ட்ஸ்தான் மாற்றுவோம்' என்ற பதிலில் ஓரளவு சட்ட நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006இல் ஒரு காரின் கிளட்ச் பழுது தொடர்பான வழக்கில், வாரண்டி விதி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் சொல்லும்போது முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட்டது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரு பழுதைக் காட்டி உடனே புது வண்டி கேட்டால் வழக்கு தளர்ந்துவிடும். இது தயாரிப்பிலேயே வந்த குறை, பாகத்தை மாற்றிய பிறகும் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை நிரூபிப்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது நிரூபணமானால், குறையை நீக்கவும், வண்டியை மாற்றித் தரவும், கொடுத்த விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிட 2019 சட்டத்தின் 39ஆம் பிரிவு நுகர்வோர் ஆணையத்துக்கு (நாம் நுகர்வோர் நீதிமன்றம் என்பது இதைத்தான்) அதிகாரம் தருகிறது.

அந்த நிரூபணம் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸுக்கு விடும்போது குறையை எழுதும் தாளில் இருக்கிறது. சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, 'ஜெனரல் செக்கப்' என்று எழுதப்பட்ட தாளில் நம்மவர்கள் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மூன்று முறை போயும், மூன்று தாள்களிலும் லிஃப்ட் என்ற சொல்லே இல்லையென்றால், ஆணையத்தின் முன் உங்களுக்கு மூன்று முறை பழுது வந்ததற்குச் சான்று இல்லாமல் போய்விடும். இனி வண்டியை விடும் ஒவ்வொரு முறையும் 'ரோட்டவேட்டருடன் தூக்கிய லிஃப்ட், இன்ஜினை நிறுத்தாத நிலையிலேயே இத்தனை நிமிடத்தில் தானாக இறங்குகிறது' என்று உங்கள் சொற்களிலேயே எழுத வையுங்கள். வண்டி ஓடிய மணி நேரத்தை ஹவர் மீட்டர் காட்டும் எண்ணையும், விட்ட தேதியையும், திரும்ப எடுத்த தேதியையும் எழுத வைத்து, ஒரு நகலைக் கையோடு வாங்கி வாருங்கள். லிஃப்ட் இறங்குவதை ஹவர் மீட்டரும் தெரியும்படி செல்போனில் எடுத்து வைப்பதும் நல்லது.

சேற்றில் ஓட்டியதைக் குற்றமாகச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் சேற்றுழவுக்கு ஓடும் மண் இது. இங்கே கடை வைத்து விற்பவருக்கு, வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்பது தெரியாமல் இருக்க முடியாது. பொருள் எந்த உபயோகத்துக்கு என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய தேர்ச்சியை நம்பி வாங்கும்போது, அந்த உபயோகத்துக்குப் பொருள் தகுதியானதாக இருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவில் சொல்கிறது. வாரண்டி புத்தகத்தில் கேஜ் வீல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டும்.

அடுத்து, விற்பனையாளருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் தனித்தனியே கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினால் பல புகார்கள் அந்த அளவிலேயே தீர்வதும் உண்டு. தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வண்டியை வெளியூரில் வாங்கியிருந்தாலும் அந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வண்டியைத் தொழில்நுட்பச் சோதனைக்கு அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். அதற்கான கட்டணத்தை நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டியிருக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும் என்பதால், 'அடுத்த சர்வீஸில் சரி செய்து தருகிறோம்' என்ற பேச்சிலேயே சம்பாவையும் தாளடியையும் கடத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்கூட்டருக்கு அட்வான்ஸ் கட்டினேன். சொன்ன தேதியில் தரவில்லை. ரத்து செய்தால் அட்வான்ஸ் கிடைக்காது என்கிறார்கள். சரியா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: தாமதம் அவர்களுடையது என்றால் சரியல்ல. புக்கிங் படிவத்தில் டெலிவரி தேதி எழுதப்பட்டிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ரத்து செய்வதை வாய்மொழியாகச் சொல்லாமல் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் பாதிக்கும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை 2019 சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்றே வகைப்படுத்துகிறது. ஆனால் அத்தகைய ஒப்பந்தத்தைப் பற்றிய புகாரை மாநில ஆணையம்தான் விசாரிக்கும். சொன்ன தேதியில் தராத சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையமே போதும்.

கேள்வி: ஐப்பசி மழையில், கார்களை நிறுத்தி வைத்திருக்கும் யார்டில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். அங்கிருந்துதான் எனக்கும் கார் வரப்போகிறது. டெலிவரி நாளில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: டெலிவரி நாளில் பார்ப்பது காலம் கடந்த பார்வை. பதிவு செய்யாமல் விற்பனையாளர் வண்டியை வெளியே விடக்கூடாது என்பது விதி. எனவே நீங்கள் மாலையோடும் எலுமிச்சம்பழத்தோடும் போய் நிற்கும்போது வண்டி பெரும்பாலும் உங்கள் பெயருக்கு மாறியிருக்கும். சேஸிஸ் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒதுக்கியாகிவிட்டது என்று தகவல் வந்ததும், பாக்கித் தொகையைக் கட்டுவதற்கு முன், யார்டிலேயே பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கேட்கும் உரிமை 1930 சட்டத்தின் 41ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மறுப்பதற்கும் மாற்றுவதற்கும் உண்மையிலேயே வழியிருக்கும் சில நாட்கள் அவைதான்.

சென்ற ஆண்டு என் அக்காள் மகன் கார் எடுத்தபோது நானும் யார்டுக்குப் போயிருந்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. முன் இருக்கையின் சீட் பெல்ட்டை அடிவரை முழுதாக இழுத்துப் பார்த்தோம். கடைசி ஒரு சாண் நீளத்துக்குச் செம்பழுப்பில் ஒரு கோடு, அதன்மேல் விரலை வைத்தால் உலர்ந்த வண்டல் மாவுபோல ஒட்டியது. கால்மிதியைத் தூக்கியபோது, இருக்கையை இறுக்கும் போல்ட் தலைகளில் துரு பூத்திருந்தது. 'வேறு சேஸிஸ் எண் ஒதுக்குங்கள்' என்று அங்கேயே எழுதிக் கொடுத்தோம், பதினொரு நாளில் வேறு வண்டி வந்தது.

நீங்களும் சீட் பெல்ட், கால்மிதியின் அடிப்பகுதி, உபரிச் சக்கரம் கிடக்கும் குழி ஆகிய மூன்றையும் விடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அது, விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் உள்ள தயாரிப்பு மாதத்துக்கு வெகுவாக முந்தியிருந்தாலோ, ஐந்து டயர்களும் ஐந்து விதமாக இருந்தாலோ காரணம் கேளுங்கள். குறை கண்டால் சேஸிஸ் எண்ணோடு படம் எடுத்து, மறுப்பை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல நாள் தவறிவிடுமே என்று வீட்டில் வருந்தினால், கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் உண்டு என்று சொல்லுங்கள்.