மயிலைக் கண்டால் கூப்பிட்டது காதில் விழாத லாப்ரடார்

கேள்வி: பொள்ளாச்சி அருகே தென்னந்தோப்பில் வசிக்கிறோம். எங்கள் லாப்ரடாருக்கு 14 மாதம் ஆகிறது. குட்டியாக இருந்தபோது ‘வா’ என்றதும் ஓடி வந்தவன், இப்போது மயிலைக் கண்டுவிட்டால் எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வந்தாலும் கைக்கு எட்டாமல் சுற்றிச் சுற்றி நிற்கிறான். இரண்டொரு முறை அடித்தும் பார்த்தேன். என்ன செய்யலாம்?

பதில்: கைக்கு எட்டாமல் நிற்கிறான் என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. துரத்தியதற்காக நீங்கள் கொடுத்த அடியை, அவன் உங்களிடம் வந்ததற்குக் கிடைத்த அடியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். சுடப்பட்ட பறவையைக் கவ்வி வந்து கொடுப்பதற்கென்றே பிரிட்டனில் வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது என்பதால், பறவைமேல் நாட்டம் பிறவியிலேயே உண்டு. விடலைப் பருவத்தில் அது மேலும் கூடும்.

‘வா’ என்ற சொல் கெட்டுவிட்டது, அதை விட்டுவிடுங்கள். ஒரு விசில் வாங்கி, சோற்றுத் தட்டை வைக்கும் ஒவ்வொரு வேளையும் மூன்று முறை குறுக்கி ஊதுங்கள். இரண்டு வாரத்தில் அந்த ஒலிக்கே வாயூறத் தொடங்குவான். பிறகு வீட்டுக்குள்ளும், முற்றத்திலும், கடைசியாகத் தோப்பிலும் பழக்குங்கள். தோப்பில் 10 மீட்டர் கயிறு கட்டாயம். அதைக் கழுத்துப்பட்டையில் கட்டினால் ஓட்டத்தில் கழுத்து வெட்டி இழுக்கும் என்பதால், மார்புப்பட்டையில் கட்டுங்கள். ஒருமுறை துரத்திவிட்டால் அந்த ஓட்டமே அவனுக்குப் பரிசாகிவிடும்; நீங்கள் நீட்டும் பிஸ்கட் அதற்கு ஈடாகாது.

கூப்பிடும்போது அந்த மூன்று குறுக்கு ஊதலை ஒரே ஒரு தடவை ஊதிவிட்டு, அவனுக்கு எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள். வந்ததும் வேகவைத்த கோழித்துண்டைக் கொடுத்து, பட்டையைத் தொட்டுவிட்டு, மறுபடியும் மேயவிடுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: கூப்பிடுவதே கட்டிப்போடுவதற்கு என்றால் எந்த நாய்தான் வரும்? சில சமயம் உங்களுக்குப் பின்னால் ஒரு துணிப்பொதியை வீசி எடுத்துவரச் செய்யுங்கள். லாப்ரடாருக்குக் கோழியைவிட இது இனிக்கும்.

மயில் கண்ணில் படும்போதும் பத்துக்கு ஒன்பது முறை முதல் விசிலுக்கே திரும்பும்வரை கயிற்றை அவிழ்க்க வேண்டாம். மாதக்கணக்கில் ஆகலாம். மயில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற உயிரினங்களின் பட்டியலில், உள்ள பறவை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.